சுகதன் ஏட்டனின் நாற்காலி

காலையில் படகுத்துறைக்கு வந்ததும், எங்கள் எல்லாருக்கும் அண்ணனான துறைமுக அதிகாரி சுகதன் ஏட்டன் தன் நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிக் கடலைப் பார்த்து வைப்பார். வெளியே காத்துக் கிடக்கும் சரக்குத் தோணிகளை ஒருமுறை பார்ப்பார். பிறகு நாற்காலியைச் சற்றே திருப்புவார். அது எந்தத் தோணிக்கு நேராக நிற்கிறதோ, அது வந்து கட்டித் தீவுகளுக்குச் சரக்கு ஏற்றலாம். மலபார்க் கரையில் எங்கள் சின்னத் துறைமுகத்துக்குப் பல வருஷமாக இதுதான் சட்டம்.

முதலில் வந்தவனுக்கு முதலிடம். அழுகும் சரக்கு அதற்கும் முன்னால். "வெங்காயம் பொறுக்கும், தக்காளி பொறுக்காது. மந்திரி பொறுத்துத்தான் ஆகணும்" என்பார். ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏட்டன் கோபிக்கவில்லை. "உக்காந்துக்கோ. நீ உக்காந்தா அது வெறும் நாற்காலி."

சாப்பிடப் போகும்போது குடையை விரித்து நாற்காலிக்கு நிழலாக வைத்துவிட்டு, அவர் வெயிலில் போவார்.

போன வருஷம், மழைக்காலத்துக்குத் துறைமுகத்தை மூடும் நாள். பொழுது சாய்ந்தால் சிவப்புக் கொடி; அப்புறம் மழை விடும்வரை தோணி கிடையாது. நாற்காலி தீவுக்காரர் கோயாவின் தோணியைப் பார்த்து நின்றது. அவர் மகளுக்கு நிக்காஹ். அரிசியும் ஆடுகளும் படகுத்துறையில் காத்திருந்தன. ஏட்டன் சாப்பிடப் போன நேரம் ஒரு கல்யாண ஆடு குடையைத் தின்னப் போய், நாற்காலியை முட்டித் திருப்பிவிட்டது. கோயாவின் தோணி உள்ளே வருவதற்குள், நாற்காலி இப்போது பார்த்த பாவுட்டியின் தோணி சிமெண்டு ஏற்ற வந்து கட்டிவிட்டது.

"ஏட்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குச் சிமெண்டையா ஆக்கிப் போடுவேன்?" என்று கோயா கத்தினார்.

"நாற்காலி திரும்பினா திரும்பினதுதான்னு சொன்னது யாரு? நீங்கதானே ஏட்டா?" என்றான் பாவுட்டி.

ஏட்டன் என் டீக்கடைக்கு வந்தார். "யாரு திருப்பினது?"

கரண்டியால் ஆட்டைக் காட்டினேன்.

குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதே பெண்ணே. ஆடு திருப்பினது செல்லும்னா, நாளைக்கு ஆளாளுக்கு ஆட்டோட வருவான். செல்லாதுன்னா, நான் திருப்பினதையும் ஆடு திருப்பினதுன்னு சொல்லுவான்."

போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை இடுக்கினார்.

"கோயா, உன் தோணியை இவன் தோணிக்கு அந்தப் பக்கம் ஒட்டிக் கட்டு."

"ரெண்டு தோணி சேத்துக் கட்டக் கூடாதுன்னு நீங்கதானே..." என்று ஆரம்பித்தான் பாவுட்டி.

"நாற்காலி பாவுட்டியைப் பாக்கலை. அவனைத் தாண்டிப் பாக்குது. எனக்கு வெள்ளெழுத்து, கிட்டத்துல தெரியாது. இதுக்கும் அந்த வயசாச்சு."

பாவுட்டியின் ஆட்கள் திட்டிக்கொண்டே அரிசியையும் ஆடுகளையும் சிமெண்டு மூட்டைகள் மேல் ஏறிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். கடைசியாகப் போன ஆட்டின் வாயில் கறுப்புக் குடைத் துணி தொங்கியது. கொடி ஏறும்போது கோயாவின் தோணி வெளியே போய்விட்டது. பாவுட்டியின் பாதிச் சிமெண்டு கரையிலேயே நின்றது. அவனுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

மழை விட்டதும் மேலிடத்திலிருந்து ஏட்டனுக்குச் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி வந்தது. "அய்யோ, இது காத்தடிச்சாலே ஊருக்கெல்லாம் அனுமதி குடுத்துடும்" என்று என் கடைக்குள் தள்ளிவிட்டார். இப்போது அதன்மேல் பால் பாத்திரம் இருக்கிறது. நீல நாற்காலி பழைய இடத்திலேயே நிற்கிறது. சாப்பிடப் போகும்போது அதன் காலை இரும்புத் தூணோடு கட்டிவிட்டுப் போகிறார்.