காதர் பாயைக் காட்டிலிருந்து கூட்டி வந்தேன்

கூனிமேடு காதர் பாய் போய்விட்டார். இன்று விடிகாலையில்... சேரில் உட்கார்ந்தபடியே.

ரீசார்ஜ் கடை பாய் என்றால் மரக்காணம் வரைக்கும் தெரியும். எனக்கு எழுத்து வராது, இதையும் போனில் பேசித்தான் போடுகிறேன். தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.

மகள் பர்வீன் பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறாள். "போன்ல வெட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு மாமா. அத்தா விளையாடறாருன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

மூச்சு நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

விளையாட்டு என்றால் சீட்டு இல்லை. ஆன்லைன் கேம். காடு, மலை, அரக்கன், ஊர் எல்லாம் இருக்கும். நமக்கு ஒரு ஆளைக் கொடுப்பார்கள், அந்த ஆளாகவே திரிய வேண்டும். எங்கெங்கோ இருக்கிறவர்களும் அதே காட்டில் திரிவார்கள்.

மழை மாசத்தில் உப்பளத்தில் எனக்கு வேலை கிடையாது. அப்படி ஒரு மழைக்குக் கடையில் ஒதுங்கினபோது பாய்தான் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். படிக்கத் தெரியாமல் நான் எதையோ அழுத்த, பச்சை முடி வைத்த பொண்ணு ஒன்று வந்து நின்றது.

"ஏம்பா, பேரப்புள்ள எடுத்தவன் கவுன் போட்டுக்கினு வர்றியே" என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தார். அவருடைய ஆள் கோடாலி வைத்த தடியன்.

எனக்கு முட்டி இரண்டும் போய் வருஷமாச்சு. அந்தப் பச்சை முடிக்காரி ஓடுவாள் பாருங்கள்... மலை மேலேயே ஓடுவாள். பாய்க்கு ஆஞ்சியோ பண்ணின நெஞ்சு. "இங்க மூச்சு வாங்கல, பாத்தியா" என்பார். அதைச் சொல்லத்தான் மலை ஏறுவாரோ என்னவோ.

ஒருநாள் தரையெல்லாம் வெள்ளையாக ஒரு இடம் வந்தது. நான் வரப்பு தேடி, ஓரமாகவே சுற்றிப் போனேன். பாத்தியில் காலை வைத்தால் உப்பு அழுக்காகிவிடும், மேஸ்திரி கிழிப்பார். அந்தப் பழக்கம்.

"டேய், அது பனிடா."

பனியை நான் எங்கே பார்த்தேன்... மறுநாள் பார்த்தால் அவரும் ஓரமாகவே வருகிறார். "உன்னோட சேந்து எனக்கும் காலு வைக்க மனசு வரல" என்றார்.

எனக்கு சாட் படிக்க வராது என்பதால் எங்கள் இரண்டு பேர் மைக்கும் எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

லுஹர் தொழுகை முடிந்து அடக்கம். மண் போட்டுவிட்டு வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். நல்ல உச்சி வெயில். சட்டைப் பையில் போன் ஊதியது, சங்கு மாதிரி... கூட்டாளி லெவல் ஏறினால்தான் அந்தச் சத்தம் வரும்.

என் கூட்டாளி ஒரே ஆள்தான்.

அங்கேயே புங்க மரத்தடியில் உட்கார்ந்து கேமைத் திறந்தேன். காட்டுக்குள் தடியன் ஓநாய்களை வெட்டிக்கொண்டிருந்தான். மேலெல்லாம் தங்க வெளிச்சம். ஆட்டோ மோட் போட்டுவிட்டால் யாரும் தொடாமலே அதுவாகச் சண்டை போடும். தெரியும். தெரிந்தும் வாய் வந்துவிட்டது.

"பாய்?"

கோடாலி நிற்கவில்லை. அவன் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"மாமா... நீங்களா?"

பர்வீன். பின்னால் பெண்கள் ஓதுவது கேட்டது. தடியன் வாய் திறக்காமல் வெட்டிக்கொண்டே இருக்கிறான், அவனிடமிருந்து மவுத் வீட்டுச் சத்தம் வருகிறது.

"ஆஃப் பண்ணலாம்னு சார்ஜ்ல கெடந்த போன எடுத்தேன் மாமா. மனசு வரல. இந்தச் சிவப்புக் கோடு கொறஞ்சிக்கிட்டே வருது. தீந்தா என்ன ஆவும்?"

"மருந்து இருக்கற வரைக்கும் அதுவே குடிச்சிக்கும்மா. மருந்து தீந்துட்டா... விழுந்துடுவாரு."

"இப்பவே ஆஃப் பண்ணிட்டா?"

"காட்டுல வச்சி ஆஃப் பண்ணா ஆளு கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். ஓநாய் உடாது."

அப்புறம் சொன்னாள், "இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது மாமா. கூட்டியாந்துடுங்க."

ஊருக்குள் வந்துவிட்டால் எதுவும் தொடாது. எழுத்து தெரியாததால் நான் படத்தை வைத்தே சொன்னேன். "கத்தி ரெண்டு குறுக்க வச்சிருக்கும் பாரு, அதத் தொடு. இப்ப ரெண்டு பாதம் வரும். அத அமுக்கு."

தடியன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தான். எப்போதும் பாய்தான் முன்னால் போவார்.

வழியில் வந்த ஓநாய்களை எல்லாம் நானே அடித்தேன். அவன் சிவப்புக் கோடு நூல் மாதிரி ஆகிவிட்டது. ஊர் எல்லைப் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். திரும்பிக் காட்டையே பார்த்தபடி.

"எதுனா தொட்டியாம்மா?"

"இல்ல மாமா. போன மேசமேல வச்சிட்டேன். கையே வைக்கல."

சிக்னலாக இருக்கும். கூனிமேட்டில் டவர் அப்படித்தான்... நான் கூப்பிடவில்லை. பக்கத்திலேயே நின்றேன். கொஞ்சம் கழித்து அவனாகவே திரும்பிப் பாலத்தில் கால் வைத்தான்.

கிணற்றடியில் உட்கார வைத்தோம். சுற்றிலும் எந்தெந்த நாட்டு ஆட்களோ கடை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப பண்ணட்டுமா மாமா?"

உட்கார்ந்தால் கேம் ஆட்கள் தலையைத் திருப்பி இப்படி அப்படிப் பார்ப்பார்கள், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். தடியனும் பார்த்தான். என் பக்கம் வந்து தலை நின்றது.

"பண்ணும்மா."

ஓதுகிற சத்தம் பாதியில் அறுந்தது. தடியன் வெளுத்து வெளுத்து, அவனுக்குப் பின்னால் கிணற்றுக் கல் தெரிந்தது. அப்புறம் கல் மட்டும்.

காதர் பாய்... கேமை மூடாமல்தான் இதைப் பேசுகிறேன். பச்சை முடிக்காரி கிணற்றடியில் இருக்கிறாள், நான் புங்க மரத்தடியில்.

நீங்கள் கிளம்புங்கள். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன்.