வளர்ந்துகொண்டே வந்த குழந்தை

செகந்திராபாத் லோத்குண்டாவில் ராணுவ நிலத்தின் முள்வேலியை ஒட்டிய தெருவில், ஒரு மாடி அறைதான் லூர்துமேரியின் ஸ்டுடியோ. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளைப் படம் எடுப்பது அவள் தொழில். பால் குடித்துக் கண்ணயர்ந்ததும் மெல்லிய துணியில் சுற்றி, ஜன்னலோரம் கிடத்தி எடுப்பாள். குழந்தைக்குக் குளிரும் என்று ஏப்ரலில்கூட ஏசி போடமாட்டாள். தாய்மார்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவரிடம் வெகுகாலம் வேலை பார்த்தாள். பெண்கள் பக்கம் முழுக்க அவள்தான் எடுப்பாள். ஆல்பத்தில் பெயர் மட்டும் முதலாளியுடையது. இணையத்தில் தன் பெயரில் ஒரு பக்கம் தொடங்கிய பிறகுதான் லூர்துமேரி என்று ஒருத்தி இருப்பது ஊருக்குத் தெரிந்தது. ராணுவக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் சொல்லி நான்கு பேர் வந்தார்கள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள், பிரசவத்துக்கு முன்பே நாள் குறித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்தில் படம் ஏறிய வாரமெல்லாம் போன் அடித்தது. ஏறாத வாரம் அடிக்கவில்லை. அதனால் அவள் படம் ஏற்றுவதை நிறுத்தவே இல்லை.

சௌம்யா கோயம்புத்தூர்க்காரி. அவள் மகள் அக்ஷதாவை எடுத்த படம் லூர்துமேரிக்கே மிகவும் பிடித்துப்போனது. மஞ்சள் குல்லா, கன்னத்தில் அழுத்திய குட்டிக் கை, தூக்கத்தில் பாதிச் சிரிப்பு, இடது கன்னத்தில் குழி.

"இத பேஜ்ல போடட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"தாராளமாப் போடுங்கக்கா. எங்கம்மா பார்த்தா ஊரு பூராக் காட்டுவாங்க" என்று சிரித்தாள் சௌம்யா.

அந்தப் படத்தைத்தான் எல்லாரும் பகிர்ந்தார்கள். அந்தப் படம் கொண்டுவந்த வேலைகளில் கிடைத்த காசில்தான் அவள் புது லென்ஸ் வாங்கினாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து லூர்துமேரி வீட்டுக்கு வந்தபோது சௌம்யா வாசலில் நின்றிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

அதே படம். அதே மஞ்சள் குல்லா, அதே கை. ஆனால் மூக்கில் ஒரு குழாய் செருகியிருந்தது. கன்னத்தில் பிளாஸ்திரி. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கீழே வேறு ஏதோ பெயர், இதயத்தில் ஓட்டை, உடனே அறுவை சிகிச்சை, உதவுங்கள் என்று வாசகம். பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் கட்டம்.

"பொள்ளாச்சியில இருந்து எங்க பெரியம்மா அழுதுட்டே போன் பண்றாங்க. எங்ககிட்ட ஏஞ்சாமி மறைச்சேன்னு கேக்கறாங்க. அவங்களே பணம் போட்டிருக்காங்கக்கா."

"மாதா மேல சத்தியமா நான் இல்லம்மா."

"நீங்கன்னு நான் சொல்லலைங்க. ஆனா உங்க பேஜ்ல இருந்துதானுங்களே போயிருக்கு?"

லூர்துமேரி போனைக் கையில் வாங்கினாள். அந்தக் குழாய் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அதன் நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது.

இருவரும் சேர்ந்தே போலீசில் புகார் கொடுத்தார்கள். அந்தக் கணக்கு மூடப்பட்டது. அடுத்த வாரம் மராத்தியில் ஒன்று வந்தது. குழந்தைக்கு வேறு பெயர், வேறு நோய். அதை மூடியதும் வங்காளத்தில் இன்னொன்று.

அது வந்த அன்றே லூர்துமேரி தன் இணையப் பக்கத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். உப்பல் பகுதி லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஸ்டீபன் பக்கத்தில் வந்து நின்றான்.

"கைக்கு? எதுக்கு எல்லாத்தையும் அழிக்கறே? பேஜ் இல்லாட்டி உன்கிட்ட யாரு வருவாங்க?"

"நக்கோ ஸ்டீபன், வேணாம். ஒரு புள்ள முகம்கூட அதுல இருக்கக் கூடாது."

ஸ்டீபன் சொன்னதுதான் நடந்தது. போன் ஓய்ந்துவிட்டது. சௌம்யாவின் அடுக்ககத்துப் பெண்கள் குழுவில் விஷயம் பரவி, நாள் குறித்திருந்தவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. மாமியார் வேண்டாம் என்கிறார், குழந்தைக்குச் சளி என்றார்கள். வீட்டில் எடுத்த போன் படத்தைக் கொடுத்தால் பூக்கூடையில் படுக்க வைத்துத் தருகிற செயலி ஒன்று வந்திருப்பதாக ஒருத்தி உண்மையையே சொன்னாள். ஸ்டீபன் தன் பட்டறையில் பேசி, விலைப்பட்டியலுக்காக இரும்பு உருளைகளையும் திருகுகளையும் படம் எடுக்கும் வேலை வாங்கித் தந்தான். லூர்துமேரி போய் எடுத்துவிட்டு வந்தாள்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். உருளைகளுக்கு விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் அனுப்பிய உதவி வேண்டுகோள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் சில பற்கள். இடது கன்னத்தில் குழி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இந்தப் படத்தை யாரும் எடுத்திருக்க முடியாது; பழைய படத்தை வைத்துக் கணினியே இத்தனை மாதம் வளர்த்து வரைந்திருக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, அவள் ஜன்னலிலிருந்து விழுவதுபோலவே விழுந்திருந்தது. கட்டிலில் கிடந்த துணி அவளுடைய துணி. அதை மடிப்பு மடிப்பாக இழுத்துவிடுவது அவள் கை வழக்கம். அந்த மடிப்புகளும் இருந்தன.

விளக்குகளை அணைக்காமலே சௌம்யாவின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த சௌம்யாவின் இடுப்பில் அக்ஷதா இருந்தாள். புதிதாக வந்த ஆளைப் பார்த்துச் சிரித்தாள். முன்வரிசையில் பற்கள், கன்னத்தில் குழி. செய்தியில் வந்த அதே முகம். லூர்துமேரி அந்தப் படத்தைக் காட்டலாமென்று பையிலிருந்து போனை எடுத்தாள். சட்டென்று சௌம்யாவின் கை மகளின் முகத்தை மூடியது.

"போட்டோ எடுக்க இல்லம்மா. இத..."

"எனக்கும் வந்துச்சுங்கக்கா." கையை மெதுவாக விலக்கினாள். "நாங்க முதல் பொறந்த நாளுக்குக்கூட ஒரு படம் எடுக்கலைங்க. தாத்தா பாட்டிக்குக்கூட அனுப்பறதில்ல. ஆனா அது மட்டும் எங்கயோ வளந்துட்டே வருது. அடுத்த வருசம் இவ எப்படி இருப்பான்னு அதுல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்போல."

லூர்துமேரி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

சென்ற மாதம் நஸ்ரின் என்ற நாகூர்ப் பெண் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒன்பது நாள் பையன். லூர்துமேரி முதலில் மறுத்தாள். பிறகு பையனைப் பார்த்ததும், ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். படம் எதுவும் இணையத்துக்குப் போகக் கூடாது, நீயும் போடக் கூடாது என்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். நஸ்ரின் பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அல்லாவே! சத்தியமாப் போட மாட்டேன்க்கா."

இத்தனை நாள் இரும்பைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் காலை நன்றாக இருந்தது. எடுத்த படங்களைக் கணினித் திரையில் காட்டினாள். பென்டிரைவ் எடுக்க அலமாரிப் பக்கம் போனவள் திரும்பி வந்து கொடுத்தாள். நஸ்ரின் ஆட்டோவில் ஏறிப் போனாள்.

மத்தியானம் போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, நஸ்ரின் ஸ்டேட்டஸ்ல பையன் படம் பார்த்தேன். ஸ்கிரீனப் பார்த்து போன்ல எடுத்தாளாம், இருந்தும் எவ்ளோ அழகா இருக்கு! உங்க பேரும் நம்பரும் போட்டிருந்தா. எனக்கு அடுத்த வாரம் டெலிவரி. டேட் கிடைக்குமா?"

நஸ்ரினை உடனே கூப்பிட்டு அழிக்கச் சொல்லலாம். இத்தனை நேரத்தில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று லூர்துமேரி யோசித்தாள். ஸ்டுடியோ வாடகை நினைவுக்கு வந்தது. காத்திருப்பில் இன்னொரு அழைப்பு வரும் சத்தம் கேட்டது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"ஹவ், இருக்கேன், சொல்லும்மா" என்றாள் லூர்துமேரி. "எந்த ஆஸ்பத்திரி?"