நாற்பதும் பாஸ்

தொண்ணூறுகளின் கடைசியில், கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில், புரோகிராம்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சோதிக்க நாங்கள் எழுதும் டெஸ்ட் ஸ்கிரிப்டுகளை ரெவ்யூ செய்ய ஒருவர் இருந்தார். ஜூலை வெயிலிலும் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டுவரை பட்டன் போட்டிருப்பார். காரைப் பூட்டிவிட்டுக் கதவை இழுத்துப் பார்ப்பார். அது எல்லோரும் செய்வதுதான். அவரோ பூட்டைத் திறந்து, இப்போது கதவு வருகிறதா என்றும் இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பூட்டுவார்.

ஃபைல்களில் யாராவது கைவைத்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு புரோகிராமுக்கு நான் நாற்பது ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். நாற்பதும் பாஸ். மறுநாள் ரிலீஸ். அவர் ஓகே சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. என் கீபோர்டை இழுத்து, அந்தப் புரோகிராமையே வேறெங்கோ நகர்த்தி வைத்தார்.

"இப்ப ரன் பண்ணுங்க."

"புரோகிராமே இல்லையே சார்?"

"அதுக்குத்தாங்க."

ரன் பண்ணினேன். நாற்பதும் பாஸ்!

திரையில் 'எரர்' என்ற சொல் வராவிட்டால் பாஸ் என்று எழுதி வைத்திருந்தேன். இல்லாத புரோகிராம் எங்கே எரர் சொல்லப்போகிறது? எனக்குக் காது சுட்டது.

"பாஸ் ஆகுதான்னு பாத்துட்டீங்க. ஃபெயில் ஆகுமான்னு பாத்தீங்களா?" என்றார். அவ்வளவுதான். மேனேஜரிடம் போய், ரெவ்யூ முடிக்கத் தனக்கு ஒரு வாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

டெக்சாஸில் வேறு வேலை கிடைத்து நான் கிளம்பிய அன்று, "உங்க ஸ்கிரிப்டெல்லாம் நல்லா இருந்துச்சுங்க" என்றார். மனம் குளிர்ந்துதான் போனது. ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது: அந்த மனிதர் யாரிடமும் 'நல்லா இல்லை' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.