எதிரே நிற்கும் மனிதர்

வருஷா வருஷம் எங்கள் டாக்சியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபிட்னஸ் டெஸ்டுக்குக் கொண்டுபோகும்போது நானும் ஒரு தேங்காயோடு பின்சீட்டில் உட்காருவேன். வண்டி ஜெயித்தால் திரும்பும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைப்பது வழக்கம்.

அங்கே இருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், காதோரம் நரைத்திருக்கும். பிரேக் பார்க்க அவரே வண்டிக்கு எதிரே கைகட்டி நிற்பார். அவரை நோக்கி ஓட்டி வந்து, முன்னால் நிறுத்த வேண்டும். எங்களுடையது போன்ற உருண்டை முதுகுக் கார் வந்தால், "இந்த ஜாதி பிரேக்கிலதான் தோற்கும் கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்துக்கொண்டே நிற்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த வருஷம் இரண்டு தடவை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் காலையிலேயே முணுமுணுத்திருந்தார்.

"பிரேக் சரிதான், அல்லே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சரிதான் சாரே" என்றார் இவர்.

"அப்போ சேச்சியும் இங்க வந்து நிக்கட்டும்."

தேங்காயோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். எஞ்சின் உறுமியது, உடனே அணைந்தது. வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"வேண்டாம் சாரே. சரி பண்ணிட்டுக் கொண்டு வரேன்."

"அப்போ நான் மட்டும் நின்னிருந்தா ஓட்டியிருப்பே, அல்லே?"

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இவர் தரையைப் பார்த்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டிக்கு எதிரே போய்க் கைகட்டி நின்றுவிட்டார்.

வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். தோற்றிருந்தும் அன்று தேங்காய் உடைத்தேன். அவருடைய பேரும் நட்சத்திரமும் தெரியாததால், எதிரே நிற்கிற அந்த மனிதருக்காக என்று மட்டும் பிள்ளையாரிடம் சொன்னேன்.