தம்பி படித்துக் காட்டிய நாள்

எங்கள் ஏரிக்கரைப் பள்ளிக்குச் சித்திதான் தலைமையாசிரியை. வீட்டில் சித்தி, பள்ளியில் டீச்சர் என்று கூப்பிட நான் பழகிக்கொண்டேன். மூன்றாம் வகுப்பிலிருந்த தம்பிக்கு அது வரவில்லை; எழுத்தும் வரவில்லை. அம்மா ஏரித் தண்ணீரில் கையால் துழாவி இறால் தடவப் போகும்போதெல்லாம் பள்ளியை விட்டுவிட்டு அவனும் பின்னாலேயே போய்விடுவான்.

அந்த வருஷம் வாசிப்புத் திட்டம் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சித்தி ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லித்தருவாள்.

திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அம்மாவுக்குக் கவலை.

"நாளைக்கு இவன் என்னோட ஏரிக்கு வரட்டும். இவனால உன் பேரு கெடப் போவுது."

"அவன் கண்டிப்பா வரணும்க்கா," என்றாள் சித்தி.

மறுநாள் நான் மூச்சுவிடாமல் இரண்டு பக்கம் படித்தேன். அதிகாரி தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். சித்தி தானாகவே தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் புத்தகத்தில் விரலை வைத்து, "ந... ண்... டு" என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தடுக்கித் தடுக்கி நாலு வரியை முடித்தபோது அவன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"மூணாவது படிக்கிற பையனா இவன்? இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கீங்க இங்க?" என்றார் அதிகாரி.

"வந்துடுவான் சார்," என்றாள் சித்தி.

எனக்கு அழுகை முட்டியது. எங்கள் இருவரையும் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்துவிட்டாள். இனி அவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் சித்தி வேகவேகமாக வந்தாள். அவ்வளவு பெரிய பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போன மாசம் வாயே தொறக்கலக்கா இவன். இன்னிக்கு நாலு வரி! அத்தினி பேரு முன்னால!"

அம்மா இறால் ஆய்ந்துகொண்டிருந்த கையாலேயே தங்கையின் கன்னத்தைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதிகாரி பேசியது சித்திக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பேசக்கூடாது என்ற முடிவை விட்டுவிட்டு, அவர் திட்டிவிட்டுத்தான் போனார் என்பதை, ஐந்தாம் வகுப்புக்காரியான நான், தலைமையாசிரியைக்கு நிறுத்தி நிதானமாக விளக்கிச் சொன்னேன்.