ஒரு படி தவிடு

என் பெரியம்மா மாரக்காள் பாம்பைக் கண்டு பயந்து நான் பார்த்ததில்லை. ஆனால் யாராவது முறத்தில் தவிடு எடுத்துக்கொண்டு தெருவில் வந்தால் போதும், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். ராசிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எழுபத்து நாலில் பக்கத்து வீட்டில் குடியிருந்த கண்ணாத்தாளுக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. முதல் இரண்டும் தக்கவில்லை. இதுவாவது நிலைக்கட்டும் என்று வழக்கப்படி தவிட்டுக்கு விற்றார்கள். பிள்ளையில்லாத என் பெரியம்மா ஒரு படி தவிடு கொடுத்து, முறத்தில் கிடந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள். எமனை ஏமாற்றுகிற வேலை இது. முதல் மொட்டை போட்டதும் பெற்றவள் அதே ஒரு படி தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை பால் மட்டும் கண்ணாத்தாள் வந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

மொட்டையும் போட்டாயிற்று, குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மூளையில் கோளாறு, நடக்காது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மாதமே கண்ணாத்தாளின் புருஷன் அவளை இழுத்துக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிபோய்விட்டான். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

குழந்தைக்குத் தவிட்டாயி என்றே பேர் நிலைத்தது. பெரியம்மா தன் தறிக்குழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் குழி வெட்டி, சுற்றிலும் பழஞ்சேலை திணித்து, அதில் அவளை உட்கார வைத்தாள். நெஞ்சுவரை குழி தாங்கிக்கொண்டதால் தவிட்டாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தறியில் நாடாக்கட்டை இங்குமங்கும் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கேட்காவிட்டால் பெரியம்மாவுக்கு நெசவே ஓடாது.

எண்பத்திரண்டில் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் சௌந்திரம் வந்து சொன்னார். "சேலம் அஸ்தம்பட்டியில இந்த மாதிரிப் புள்ளைங்களைப் பதிவு பண்றாங்க. சக்கர நாற்காலி கெடைக்கும், மாசாமாசம் சர்க்கார் உதவியும் வரும். கூட்டிட்டுப் போங்கக்கா."

"எம்புள்ளைக்கு ஒரு கொறையுமில்லீங்க" என்று பெரியம்மா அவரை அனுப்பிவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல எழுதுனா, பெத்தது யாருன்னு கேப்பாங்கல்லோ சாமி? அவ ஒரு படி தவிட்டோட வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று. தவிட்டாயிக்குப் பத்து வயது, நல்ல கனம். ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய பெரியம்மா வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு நெற்றி கிழிந்தது, பெரியம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. இன்னொரு தரம் விழுந்தால் பிள்ளை பிழைக்காது என்ற பயம் மற்ற பயத்தை முந்திக்கொண்டது. மாவுக்கட்டோடு அஸ்தம்பட்டிக்குக் கிளம்பினாள். தவிட்டாயியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷன். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார்.

"பெத்தவங்க சம்மதிச்சு இதுல கைநாட்டு வெக்கணும்மா. அப்புறம் கோர்ட்டுல சொல்லி முறைப்படி உங்க பிள்ளையாக்கலாம். இல்லாட்டி, நாளைக்கு அவங்க வந்து கேட்டா உங்ககிட்ட என்ன இருக்கு?"

பத்து வருஷமாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

அங்கிருந்தே ஏற்காடு ரோட்டில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு பஸ் ஏறினோம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். பெரியம்மா மடியில் இருந்த பிள்ளையை இறுக்கிய இறுக்கில் அது அழுதேவிட்டது.

கண்ணாத்தாள் வாசலில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், பின்னிக் கிடந்த கால்களைப் பார்த்தாள். வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு படி தவிடு இருந்தது.

பெரியம்மா பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவசரமாகத் தாளைக் காட்டி, வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வருசா வருசம் புதுத் தவிடு மாத்தி வெச்சுக்கிட்டேதான் இருக்கறனுங்க அக்கா" என்றாள் கண்ணாத்தாள். "மூணு தரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். எங்கூட்டுக்காரர் மேல பழி போட்டுக்கலாம். நெசத்துல எனக்குத்தானுங்க பயம். இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்பிடி வளப்பேன்னு பயம்."

மாட்டுத் தொட்டிக்குப் போனாள். படியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். மாடு மூஞ்சியை உள்ளே விட்டது.

"இனி மீக்கறதுக்கு எங்கிட்டத் தவிடு இல்லீங்க. அவர் வந்ததும் அவரையும் வெக்கச் சொல்றனுங்க. எங்க கைநாட்டு வெக்கோணும்?"

தாளை நான்தான் நீட்டினேன். மை காயுமுன்னே அவள் கேட்டாள்: "ஒருக்கா மடியில வெச்சுக்கட்டுங்களா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தவிட்டாயியை மெதுவாக அந்த மடிக்கு நகர்த்தினாள். பிள்ளை கண்ணாத்தாளின் தோட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. கொஞ்ச நேரந்தான் இருக்கும். அவ்வளவு நேரமும் பெரியம்மா, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால், பிள்ளையின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.