அம்மா கதைத்தது

மதுமதி கோபக்காரி. அஸ்தம்பட்டியில் எங்கள் டிரஸ்ட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும். ராசிபுரம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். வக்கீலுக்குப் படித்துவிட்டு, அகதி முகாம்காரர்களுக்கு இலவசமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று அவள் அப்பா மருதாசலம் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கெல்லாம் அவள் அசரமாட்டாள். ஒன்பது வருடமாக அவள் எழுதுவதை டைப் அடிக்கிறவள் நான். அவள் பயந்து நான் பார்த்தது ரஞ்சிதாவின் விசாரணையன்றுதான்.

ரஞ்சிதா, இலங்கையிலிருந்து படகில் வந்த தாய்க்கு 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர், சட்டம் அப்படி. ஆனால் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் மட்டும்தான் இருந்தது. குழந்தையின் பெயர் வர வேண்டிய இடம் காலி. அந்தக் குழந்தை தான்தான் என்று அதிகாரியை நம்பவைக்காவிட்டால், முப்பத்தொன்பது வயதிலும் அகதிதான்.

விசாரணைக்குக் கிளம்புவதற்கு முன் மதுமதி பாடம் நடத்தினாள். முகாமில் பேசுகிற இலங்கைப் பேச்சு வேண்டாம், நம்மூர் ஆள் மாதிரியே பேசுங்கள், அப்போதுதான் அதிகாரிக்கு வேற்று ஆள் என்று தோன்றாது என்றாள். ரஞ்சிதாவும் சமர்த்தாக 'ஆமாங்க, இல்லீங்க' பழகிக்கொண்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ரஞ்சிதா சொல்லி மதுமதி எழுதியிருந்த வாக்குமூலத்தை அதிகாரி புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஏனுங்க, மண்டபத்துல பொறந்தது அம்மா சொன்ன கதைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கதையை வெச்சு நான் எப்படிங்க முடிவு பண்றது?"

'அம்மா கதைச்சுத்தான் தெரியும்' என்றுதான் ரஞ்சிதா சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டில் கதைப்பதென்றால் பேசுவது. மதுமதி அவசரத்தில் அதைக் கதையாக்கிவிட்டாள். நானும் யோசிக்காமல் அடித்துவிட்டேன்.

மதுமதி விளக்கிப் பார்த்தாள். அதிகாரி நம்பவில்லை. வந்ததிலிருந்து இந்தம்மா நம்மூர்ப் பேச்சுதானே பேசுகிறார், இவருக்கு ஏது அந்த வார்த்தை என்று கேட்டுவிட்டு ஃபைலை மூடப் போனார்.

மதுமதி பயந்துபோய் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த வக்கீல் என்று ஆகிவிட்டால், இனி அவள் கொண்டுவருகிற எந்த மனுவையும் அந்த ஆபீசில் நம்பமாட்டார்கள். தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"அப்படிப் பேசச் சொன்னது நானுங்க. எழுதினதும் நானுங்க. ரெண்டும் என்ற தப்புங்க. அவங்களை அவங்க பேச்சுலயே ஒருதடவை கேளுங்க."

ரஞ்சிதா 'அம்மா சொன்னாங்க' என்று தொடங்கி நிறுத்தினார். மறுபடி 'அம்மா' என்றார். பிறகு வந்தது அவருடைய தமிழ்.

"அம்மா சாகேக்க என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு கதைச்சவ. நீ மண்டபத்தில பிறந்தனீ, எங்கட ஆக்களில இந்த மண்ணில பிறந்தது நீ மட்டும்தான் எண்டு சொன்னவ."

அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வாங்கினார். பள்ளிக்கூடச் சான்றிதழிலும் பிறப்புச் சான்றிதழிலும் தாயின் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போயின. இருபதாம் நாள் உத்தரவு வந்தது: பிறப்பால் இந்தியர்.

அதை வாங்க ரஞ்சிதா டிரஸ்ட்டுக்கு வந்தபோது மதுமதி மன்னிப்புக் கேட்டாள். ரஞ்சிதா காகிதத்தைப் பையில் வைத்தார்.

"இனி வாறவைக்கு அப்பிடிச் சொல்லிக் குடுக்காதேங்கோ, பிள்ளை. அண்டைக்கு அம்மா கதைச்ச மாதிரிக் கதைக்க எனக்கு உடன வாய் வரேல்லை. அம்மாவையே மறந்துபோனனோ எண்டு பயந்துபோனன்."